கேட்காமல் ஆட்டிய தலை

என் நாவலின் கடைசிப் பக்கத்தில் மீன் வறுவல் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. இன்று காலை பதிப்பாசிரியர் அழைத்திருந்தார். கதை முடிவில், பத்து வருடம் பேசாதிருந்த அண்ணன் அருவிக்கரையில் தம்பியிடம் என்ன சொன்னான் என்று ஒரு வரி சேர்த்துவிடச் சொன்னார். அது தெரியாவிட்டால் வாசகர் ஏமாந்துபோவாராம். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, நீ சிவப்பு மையால் கோடு போட்ட அந்தப் பழைய தாளை எடுத்தேன்.

அரூர் அலுவலகத்தில் நமக்கு அடுத்தடுத்த மேசை. நான் எழுதுவதை முதலில் படிப்பவன் நீதான். நீ ஒரு வரிகூட எழுதியதில்லை, ஆனால் அடுத்தவன் வரியை வெட்டுவதில் இரக்கமே கிடையாது. 'சிங்கம்போல் கர்ஜிக்கும் அருவி' என்று நான் எழுதியதை, சாப்பாட்டு வேளையில் நாலு பேர் முன்னால் சத்தமாகப் படித்தாய். அரூரில் சிங்கத்தை எங்கே பார்த்தேன் என்று வேறு கேட்டாய். அந்தக் கோபத்தில் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து என்னை ஒகேனக்கல் பஸ்ஸுக்கு இழுத்துப்போனாய். அருவிக்கு எதிரே நின்று என்னிடம் ஏதோ சொன்னாய். வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. சரி சரி என்று தலையாட்டிவைத்தேன். பிறகு வறுவல் கடையில் உட்கார்ந்ததும், நீ சொன்னது என்னவென்று கேட்டு மடக்கினாய்.

"கேக்காமயே தலையாட்டுனல்ல, அத எழுதுடா. சிங்கம் எதுக்கு?" என்றாய்.

எண்ணெய்க் கையோடு என் பையிலிருந்த தாளை வாங்கி, சிவப்புப் பேனாவால் உவமையை அடித்தாய். கதையில் அண்ணன் பேச, தம்பி கேட்காமலே தலையாட்டட்டும் என்றாய். அதோடு விடவில்லை.

"மொத அத்தியாயத்துலயே அவன ஒருக்கா இப்பிடித் தலையாட்ட வுடு. சும்மா, சிரிப்புக்கு. அப்பறம் கடசில ஆட்டுனான்னா, படிக்கறவனுக்குத் தானா வலிக்கும்."

எழுத்துப் பட்டறைகளில் அரைநாள் எடுத்துச் சொல்லித்தருவதை, நீ மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொல்லி முடித்தாய். அப்படியே எழுதினேன். நாவலில் எனக்குச் சந்தேகமே இல்லாத இடம் அது ஒன்றுதான்.

போன ஆடியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஆக்ஸிஜன் முகமூடிக்குள் உன் உதடு அசைந்தது. காதை வைத்துக் கேட்டேன். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னால் உனக்கு மூச்சு வாங்கும். தலையாட்டினேன். உன் கண் சிரித்தது. என்னைக் கண்டுபிடித்துவிட்டாய். மறுநாள் நீ இல்லை. அந்தச் சொல் என்னவாக இருக்கும் என்று நான் நினைக்காத நாள் கிடையாது.

சற்றுமுன் பதிப்பாசிரியரை அழைத்து, அந்த வரி வராது என்றேன். அண்ணன் என்ன சொன்னான் என்று உங்களுக்காவது தெரியுமா என்று கேட்டார்.

எனக்கும் தெரியாது என்றேன். அது எதுவானாலும் தம்பிக்குச் சம்மதம் என்றேன்.