பாதிக்குப் பாதி

பிப்ரவரி 11

மதியம் வரை முட்டி, இடுப்பு, முட்டி, தோள்பட்டை. கடைசியாக ஓனர் வந்தார். அவருக்கு எந்த வலியும் இல்லை. எனக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தார்.

“அடுத்த வருஷம் ஜூன்ல இந்த ரெண்டு ரூமையும் வித்துடலாம்னு இருக்கேன்மா. முதல்ல உங்களைத்தான் கேக்கறேன். இப்ப சொல்ற விலைதான், ஏத்த மாட்டேன். ஆனா ஜூனைத் தாண்டிக் காத்திருக்க முடியாது. பையன்கூடப் போய் இருக்கப் போறேன்.”

நல்ல மனிதர், நியாயமான விலை. ஆனால் வாங்காவிட்டால் எங்கே போவது? இந்தத் தெருவில் தரைத்தளத்தில் வாடகைக்கு வேறு அறையே கிடையாது. மாடியில் பிசியோதெரபி நடத்தினால் யார் வருவார்கள்? முட்டி நன்றாக இருப்பவர்கள்தான் வருவார்கள். அவர்களுக்கு நான் எதற்கு?

பிப்ரவரி 12

இவரிடம் சொன்னேன். டீயை முழுக்கக் குடித்து முடித்துவிட்டு, “வாங்கிடலாம்” என்றார். எதைக் கேட்டாலும் முதலில் வாங்கிடலாம்தான், பிறகுதான் கணக்கு.

எங்கள் சேமிப்பு முழுவதும் இரண்டு இடத்தில் இருக்கிறது. பாதி பங்கு ஃபண்டில், பாதி கடன்பத்திர ஃபண்டில். கல்யாணமான புதிதில் இருவருமாகச் சேர்ந்து போட்ட ஏற்பாடு. கூடவே ஒரு விதியும் உண்டு. ஒரு பக்கம் ஐந்து சதவீதத்துக்கு மேல் சாய்ந்தால், ஏறிய பக்கத்திலிருந்து எடுத்து இறங்கிய பக்கத்தில் போட்டுத் திரும்பப் பாதிக்குப் பாதி ஆக்கிவிட வேண்டும். ஒரே கணக்கு, இரண்டு பேர் போனிலும் இருக்கிறது.

இன்று கூட்டிப் பார்த்தோம். ஓனர் சொன்ன விலைக்குக் கொஞ்சம் குறைகிறது. கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம்தான் ஆளைப் படுத்துகிறது.

பிப்ரவரி 20

ஒரு விஷயம் மண்டைக்குள் குடைகிறது. கடன்பத்திர ஃபண்டு என்பது பயந்தவர்களுக்கானது, விழாது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இன்று பார்த்தால் போன மாதத்தை விடக் குறைந்திருக்கிறது. கடன் கொடுத்தால் வட்டியோடு திரும்பி வரும். அதில் விழுவதற்கு என்ன இருக்கிறது?

இவரைக் கேட்டேன். “எனக்குத் தண்ணியைப் பத்திக் கேளு, சொல்றேன்” என்றார். இவருக்கு நகரத் தண்ணீர் நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை.

பிப்ரவரி 27

கழுத்து மேடம் வந்தாள். முதலீட்டு அலுவலகம் ஒன்றில் நாளெல்லாம் இரண்டு திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண். என்னை விடப் பத்து வயது சின்னவள், ஆனால் கழுத்து எழுபது வயதுக்காரருடையது. குப்புறப் படுத்து, கட்டிலில் முகத்துக்கென விட்டிருக்கும் ஓட்டை வழியாகத் தரையைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். அவள் சொல்வதெல்லாம் கட்டிலுக்கு அடியிலிருந்துதான் வரும்.

கேட்டுவிட்டேன். “கடன்பத்திரம் ஏம்மா விழுது?”

“அக்கா, உங்ககிட்ட வருஷத்துக்கு ஆறு குடுக்கிற பத்திரம் இருக்கு. நாளைக்கு வட்டி ஏறிப்போச்சு. கடையில புதுசு ஏழு குடுக்குது. உங்க ஆறை யாரு முழு விலைக்கு வாங்குவா?”

“யாரும் வாங்க மாட்டாங்க.”

“குறைச்சுக் குடுத்தா வாங்குவாங்க இல்ல? அவ்வளவுதான். வட்டி ஏறினா பழைய பத்திரத்தோட விலை இறங்கும், வட்டி இறங்கினா விலை ஏறும். முதிர்வுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிற பத்திரம்னா நிறைய ஆடும். ஒரு வருஷத்துல முடியறதுன்னா ஆட்டம் கம்மி. ஆ... அங்கதான், அங்கதான்.”

எவ்வளவு எளிது! இத்தனை வருஷம் இது தெரியாமலா பாதிப் பணத்தை அதில் வைத்திருந்தேன்? வெட்கமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. பூட்டியிருந்த அலமாரி தட்டியதும் திறந்துகொண்ட மாதிரி.

எழுந்து உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்: “அது சரி, இந்தப் பணம் உங்களுக்கு எப்ப வேணும்?” அடுத்த வருஷம் ஜூன் என்றேன். முகத்தில் ஓட்டையின் வட்டத் தடத்தோடு என்னையே பார்த்தாள். “பாதி பங்குலயா இருக்கு?” என்றாள்.

மார்ச் 3

நம் கடன்பத்திர ஃபண்டு என்ன வகை என்று தேடிப் பார்த்தேன். பத்து வருஷ ஜாதி. ஓராண்டு ஜாதிக்கு மாற்றினோம். இவர் ஆறு, ஏழு கதையை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு எனக்கே திருப்பி விளக்கினார், ஏதோ அவர் கண்டுபிடித்தது போல.

பங்குப் பக்கத்தை என்ன செய்வது? குறைத்தால் விலைக்கு எட்டாது. வைத்திருந்தால் எட்டலாம், அல்லது உள்ளதும் போகலாம். இரண்டும் பயம்தான் என்றால் எந்தப் பயத்தைத் தேர்ந்தெடுப்பது?

தெரியவில்லை. விதி இருக்கிறது, அதன்படி போவோம் என்று விட்டுவிட்டோம்.

மே 30

சந்தை அசையவில்லை. நானும்தான்.

ஆகஸ்ட் 6

பங்குச் சந்தை விழுகிறது. காத்திருப்பு நாற்காலிகளில் எல்லோரும் அதையே பேசுகிறார்கள். முட்டி வலியைக்கூட மறந்துவிட்டார்கள். ஒரு வகையில் நல்ல சிகிச்சை.

ஆகஸ்ட் 11

இன்னும் விழுகிறது. நம் கணக்கில் பங்கு 43, கடன்பத்திரம் 57. விதிப்படி பத்திரத்திலிருந்து ஏழு சதவீதம் எடுத்துப் பங்கில் போட வேண்டும். எரிகிற வீட்டுக்குள் போய் நாற்காலி வாங்குவது போல இருக்கிறது.

இவரிடம் சொன்னால் முகம் வெளுத்துவிடும். சாப்பாடு இறங்காது. மதியம் ரெஃப்ரி வருவதற்குள் போனில் நானே செய்து முடித்தேன். செய்ததும் என்னவோ குறுகுறுப்பு. நானா செய்தேன்? நானா?

ரெஃப்ரி என்பது ஓய்வுபெற்ற கால்பந்து நடுவர், முட்டி மாற்றியவர். இன்று முதல் தடவையாக ஒற்றைக் காலில் நின்றார். “ஆடாம நிக்கறேன் பாருங்க!” என்று பெருமை. நான் கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு கணம்கூடச் சும்மா இருக்கவில்லை. இங்கே இழுத்து, அங்கே விட்டு, ஓயாத வேலை. அவரிடம் சொல்லவில்லை, பாவம்.

ஆகஸ்ட் 14

ஆர்டர் போட்டால் கணக்கில் தெரிய மூன்று நாள் ஆகிறது. இன்றுதான் தெரிந்தது.

பங்கு 57. கடன்பத்திரம் 43.

தலைகீழ்! பாதிக்குப் பாதி வரவேண்டியது எப்படி இப்படி? தப்பான எண்ணை அடித்தேனா? ஒரு தடவைக்கு இரண்டு தடவை அழுத்திவிட்டேனா? ஜூன் பணம்! இடுப்பு வலிக்காரரை வெந்நீர் ஒத்தடத்தோடு விட்டுவிட்டு வந்து திரும்பத் திரும்பப் பார்த்தேன். இரண்டு ஆர்டர்கள். ஒரே நாள், ஒரே தொகை. ஒன்று என்னுடையது.

ஆகஸ்ட் 15

காலையில் கேட்டேன். இவர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். பாதியில் கை நின்றுவிட்டது.

“நீயும் போட்டியா?”

“நீங்களும் போட்டீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?”

“நீ பயந்துடுவேன்னுதான் சொல்லலை.”

“நானா? நீங்க பயந்துடுவீங்கன்னு நான் சொல்லலை!”

எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆத்திரம்தான் முதலில் ஜெயித்தது. என் கிளினிக், என் பத்து வருஷம், இரண்டு பேருமாகச் சேர்ந்து சந்தையில் கொட்டியாச்சு என்று கத்தினேன். இவர் லேஸைக் கட்டி முடித்தார்.

பிறகு சொன்னார்: “எங்க நிலையத்துல தொட்டியில குளோரின் கூட்டறதுக்கு முன்னாடி சத்தமாச் சொல்லணும். ‘கூட்டறேன்’னு. இன்னொருத்தர் ‘சரி’ன்னு சொன்னாத்தான் கூட்டலாம். இல்லேன்னா ஆளுக்கு ஒரு தடவை ஊத்திடுவோம். ஊரே இருமும். இருபது வருஷமா கத்திக்கிட்டிருக்கேன். வீட்டுல கத்தலை.”

அப்புறம்தான் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் பயந்தாங்கொள்ளிகள் என்று ஒருவரை ஒருவர் நினைத்துக்கொண்டு, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வீரம் காட்டியிருக்கிறோம். இந்த மனிதர் இப்படி ஒன்றைச் செய்வார் என்று நேற்றுவரை யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். எனக்குத் தெரியாமல் இவருக்குள் இன்னும் என்னவெல்லாம் இருக்கிறது?

ஆகஸ்ட் 16

கூட்டியதைத் திருப்பி எடுக்கலாமா என்று பேசினோம். விழுந்த விலைக்கு விற்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. அப்படியே இருக்கட்டும். இது முடிவா சோம்பலா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 29

இன்னும் கீழே. இவர் சாப்பிடுகிறார். நான்தான் சாப்பிடவில்லை.

அக்டோபர் 2

எழும்பத் தொடங்கியிருக்கிறது. சொன்னால் திருஷ்டி பட்டுவிடும். எழுதினால் படாது என்று வைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 17

எட்டிவிட்டது!

எங்கள் மாதச் சேமிப்பும் சேர்ந்து, ஓனர் சொன்ன விலையைத் தாண்டி மேலே ஒரு கைப்பிடி. பங்கு இப்போது 64. தப்பாக ஊற்றியதுதான் தூக்கிவிட்டிருக்கிறது. கழுத்து மேடத்திடம் சொன்னேன். கட்டிலுக்கு அடியில் சிரிப்புச் சத்தம்.

“தப்பு பண்ணி லாபம் வந்தா ஜாக்கிரதையா இருக்கணும்க்கா. அது நல்ல யோசனைன்னு தோண ஆரம்பிச்சுடும்.”

நவம்பர் 19

தோண ஆரம்பித்துவிட்டது.

இவர் சொல்கிறார், விலைக்கான பணம் முழுவதையும் ஓராண்டுக் கடன்பத்திரத்துக்கு மாற்றிவிடலாம், மேலே உள்ள கைப்பிடி மட்டும் பங்கில் கிடக்கட்டும் என்று. நான் சொன்னேன், ஜூனுக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது, இதே வேகத்தில் போனால் பக்கத்து ஸ்டோர் ரூமையும் கேட்டு வாங்கலாம் என்று. உடற்பயிற்சிக்குத் தனி அறை! எத்தனை நாள் ஆசை.

“ஆகஸ்ட்ல நாம பொழைச்சது தெரிஞ்சு பண்ணினதால இல்ல” என்றார்.

“ஏறும்போது இறங்கச் சொல்றீங்க.”

“நான் சத்தமாக் கேக்கறேன். மாத்தட்டுமா?”

நான் ‘சரி’ சொல்லவில்லை. இவரும் மாற்றவில்லை. வீடு முழுக்க ஒரே மரியாதை. தட்டு வைக்கிற சத்தம்கூட மரியாதையாக இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் இருவரில் பயந்த சுபாவம் நான்தான் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். பேராசை பிடித்தவளாக இருப்பேன் என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. பயமும் பேராசையும் ஒரே ஆள்தானோ, சந்தை ஏறினால் ஒரு சட்டை, இறங்கினால் ஒரு சட்டையோ?

நவம்பர் 24

ஒருவேளை வாங்க முடியாமல் போனால்? வாடகைக்கு என்ன கிடைக்கும் என்று சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். இரண்டு தெரு தள்ளி, முதல் மாடி. நல்ல வெளிச்சம், பெரிய ஜன்னல், வாடகையும் கையைக் கடிக்காது. புரோக்கர் வழி நெடுகப் புகழ்ந்துகொண்டே வந்தார்.

படிக்கட்டில் நின்றேன். குறுகல். கைப்பிடி ஒரு பக்கம்தான். ரெஃப்ரியை மனதில் ஏற்றிப் பார்த்தேன். திருப்பம் வரைக்கும் வந்தார், அதற்கு மேல் முடியவில்லை. இடுப்புக்காரரை ஏற்றினேன். பக்கவாதம் வந்த டைப்பிஸ்ட் அம்மாவை ஏற்றவே மனம் வரவில்லை. “மேலே வாங்க மேடம், ஹால் பாருங்க” என்று புரோக்கர் கூப்பிடுகிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாடகை அதிகமோ என்று நினைத்துக்கொண்டு அவரே குறைத்தார்.

வரும் வழியில் ஒரே கேள்விதான். ஸ்டோர் ரூம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, ஆசை ஆசையாகவே இருக்கும். இந்த இரண்டு அறையும் போனால்? யாரை எங்கே அனுப்புவேன்? இவ்வளவுதான் கேள்வி. இதை ஏன் பிப்ரவரியிலேயே கேட்கவில்லை? எவ்வளவு கிடைக்கும் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். எதை இழக்க முடியாது என்று பார்க்கவில்லை.

நவம்பர் 25

காலையில் இவர் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது, கூடத்தில் நின்று சத்தமாகச் சொன்னேன்: “மாத்தறேன்!”

உள்ளேயிருந்து வாய் நிறைய நுரையோடு ஏதோ வந்தது. சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 22

சந்தை ஏறுகிறது. நாமில்லாமல்.

மார்ச் 9

இன்னும். விட்டு வைத்திருந்தால் இன்றைக்கு எவ்வளவு என்று ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். ஸ்டோர் ரூம் வந்திருக்கும். போட்டிருக்கக் கூடாது. நாளெல்லாம் யார் மேலோ எரிச்சல். ரெஃப்ரியை இரண்டு சுற்று அதிகமாக நடக்க வைத்தேன். “மஞ்சள் அட்டை காட்டுவேன்” என்றார்.

மார்ச் 10

சரியான முடிவு எடுத்துவிட்டு வருத்தப்பட முடியுமா? முடிகிறது. கழுத்து மேடத்திடம் கேட்டேன். அலுவலகத்தில் தினமும் நடக்கிற விஷயம்தான் என்றாள். அதனால்தான் அங்கே எல்லோருக்கும் கழுத்து வலியாம்.

ஜூன் 4

கையெழுத்துப் போட்டாயிற்று. ஓனர் சாவிக் கொத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். என்னிடம் ஏற்கெனவே ஒரு கொத்து இருக்கிறது. இருந்தும் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 7

ஞாயிறு. கிளினிக் விடுமுறை.

பங்கு எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை. — பார்த்தேன். மேலேதான். வலிக்கிறது, கொஞ்சம்.

இத்தனை வருஷம் ஓனர் சுவரில் ஓர் ஆணி அடிக்க விட்டதில்லை. நடைப்பயிற்சிக்கான கைப்பிடியைத் தரையில் நிற்கிற ஸ்டாண்டில்தான் வைத்திருந்தேன். பிடித்தால் அதுவும் சேர்ந்து ஆடும். இன்று இவர் டிரில்லிங் மெஷின் வாங்கி வந்தார். டைப்பிஸ்ட் அம்மாவின் கை உயரத்துக்குப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன்.

மெஷினைச் சுவரில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “போடறேன்” என்றார், சத்தமாக.

“சரி” என்றேன்.

முதல் ஓட்டை கோணலாகத்தான் விழுந்தது. விழுந்தால் என்ன? நம் சுவர்.