நான் சேர்த்து வாசித்த ஒரு வரி

என் செல்லத் தம்பி சின்னப்பனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ இருந்தவரை உனக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. எழுதியிருந்தால் அதையும் நானே வந்து வாசித்துக் காட்ட வேண்டியிருந்திருக்கும். அம்மாவும் அப்பாவும் ஒரே மழைக்காலத்தில் போனபிறகு என்னைக் கன்னியர் மடம் எடுத்துக்கொண்டது, உன்னை ரப்பர் தோட்டம் எடுத்துக்கொண்டது. எனக்கு ஆங்கிலம் வந்தது, உனக்கு லோரி ஓட்ட வந்தது.

நம் பத்து பாகாட் ஊரில் புதுச் செய்தி உண்டு. ஊருக்கு வெளியே திடலில் இப்போது விமானம் இறங்குகிறது. தபால் பையோடு இரண்டு மூன்று பேர் வருவார்கள். ஊரில் பாதிப் பேர் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். நான் ஓடுவதில்லை. போன வாரம் மழை பிடித்துக்கொண்டதால் அந்த வெள்ளைக்கார விமானி மடத்தில் வந்து ஒதுங்கினார். தேநீர் கொண்டுபோனது நான்தான்.

எந்தக் காலேஜில் பி.ஏ. படித்தீர்கள் என்று கேட்டேன். மனுஷன் சிரித்துவிட்டார். பதினைந்து வயதில் பள்ளியை விட்டவராம், மோட்டார் சைக்கிள் பழுது பார்த்தவராம். பி.ஏ.வா, அதை யார் கேட்டார்கள் என்றார். யார் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

நினைவிருக்கிறதா? மடத்து வாசலில் லோரியை நிறுத்திவிட்டு, மீன் சுற்றி வந்த சிங்கப்பூர் ஆங்கிலப் பத்திரிகைத் தாளை நீட்டினாய். அதில் ஒரு விமானப் படம்.

"அக்கா, என்னா போட்டிருக்கு? படிச்சிச் சொல்லுலா."

ஆள் எடுத்து, விமானம் ஓட்டப் பழக்கி, வேலையும் தருவதாகப் போட்டிருந்தது. ஒன்று விடாமல் வாசித்தேன். கடைசியில் நானாக ஒரு வரி சேர்த்தேன்.

"பி.ஏ. படிச்சவங்க மட்டும்தான் வரணுமாம்டா."

எனக்கென்று இருந்தது நீ ஒருவன். மேலே போய் விழுந்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பேன் என்று பயம்.

நீ சண்டை போடவில்லை. தாளை மடித்து என்னிடமே கொடுத்தாய். "பி.ஏ.வுக்கு மொதல்ல என்னாக்கா படிக்கணும்?" என்றாய். "எழுத்துலேருந்து ஆரம்பிக்கணும். தலை நரைச்சிரும், போ" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய்.

மறு வருஷம் குளிர்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. தரையில் நின்றவனைத்தான் கொசு கடித்தது. தோட்டத்தில் உன் சாமான்களைக் கொடுத்தார்கள்: இரண்டு சட்டை, ஒரு ஸ்பேனர், லோரி இருக்கைக்கு அடியில் கிடந்த ஓர் ஆங்கில அரிச்சுவடி. பதினேழாம் பக்கம் வரை எண்ணெய் விரல் பட்டிருந்தது. அதற்குப் பிறகு தாள் சுத்தமாக இருந்தது. நீ செத்ததற்கு அழுது முடித்துவிட்டேன். அந்தப் புத்தகத்துக்கு இன்னும் முடியவில்லை.

விமானியிடம் இன்னொன்றும் கேட்டேன். எங்கள் ஆள் ஒருவன் வந்திருந்தால் எடுத்திருப்பார்களா? அவர் மழையைப் பார்த்தார், தேநீரைக் குடித்தார், மழை எப்போது விடும் என்று கேட்டார். ஆக, உன் நிறத்தைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பியிருக்கலாம். அதைச் சொல்லி மனசைத் தேற்றிப் பார்த்தேன், தேறவில்லை. வேண்டாம் என்று சொல்வதானால் அவர்கள் சொல்லியிருக்கட்டும். முந்திக்கொண்டு சொல்ல நான் யார்? இதைக் கேட்டு நீ திட்டுவாயா, "விடுக்கா" என்பாயா?

ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஜனங்கள் இன்னும் காகிதங்களோடு என்னைத் தேடி வருகிறார்கள். இனி யார் எதைக் கொண்டுவந்தாலும், நல்லதோ கெட்டதோ, இருப்பதை மட்டும் வாசிப்பேன். இது சத்தியம். முதலில் உனக்கு. அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. கேள்.

வயது பதினெட்டுக்கு மேல். கண் நன்றாகத் தெரிய வேண்டும். நெஞ்சு பலமாக இருக்க வேண்டும். எஞ்சின் வேலை தெரிந்தவனாக இருந்தால் நல்லது. ஆங்கிலம் பேசத் தெரிந்தால் போதும்.

அவ்வளவுதான்டா. வேறு ஒன்றும் போடவில்லை.

உனக்குத் தப்பாக வாசித்த உன் அக்கா,
அந்தோணியம்மா