பிரமிளாவுக்குப் பேசிய விலை

மே 12, திங்கள்
காலையிலேயே அனல். குடோனில் தோல் துண்டு தரம் பிரிக்க ஆள் வரவில்லை. நானே உட்கார்ந்தேன். முதுகு போயிற்று.

மதியம் பக்கத்து வீட்டு பிரமிளா, ஒரு டிவி நிருபரோடு. அவள் போகும் ஷூ கம்பெனி பஸ்ஸில் பின்கதவு பூட்டாது, கயிறு கட்டித்தான் ஓட்டம். போன வாரம் கயிறு அறுந்து ஒரு பெண் ரோட்டில் விழுந்தாள். கை முறிவு. பிரமிளா பக்கத்து சீட். கேமரா முன் சொன்னால் இரண்டாயிரம் தருகிறானாம். "வாங்கலாமா அண்ணே?"

லீவு போட்டால் சம்பளம் போகுமே, வாங்கு என்றேன். அதோடு விட்டேனா? பேரம் பேசியே பழகிய வாய். "மூஞ்சிய காட்டப் போறா சார், வேலையே போய்டும். அஞ்சா குடுங்க." முடிந்தது.

என்ன தப்பு? எந்தக் கம்பெனியில் கழிவுத் தோல் விலைக்கு வெளியே வருகிறது என்று சொல்லும் வாட்ச்மேனுக்கு நானும்தான் டீக்காசு தருகிறேன்.

மே 14, புதன்
டிவியில் வந்துவிட்டாள். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. சர்க்கரை மாத்திரை தீர்ந்தது. கரண்ட் பில்.

மே 17, சனி
கம்பெனிக்கு விசாரணை அதிகாரி வந்தாராம். அவர் முன்னாலேயே மேனேஜர் பிரமிளாவிடம் ஒரே கேள்வி: "டிவிக்காரன்கிட்ட எவ்ளோ வாங்கன?" அவளுக்குப் பொய் வராது. சொல்லிவிட்டாள். மேனேஜர் அதிகாரி பக்கம் திரும்பி, "பாத்தீங்களா சார், அஞ்சாயிரத்துக்கு கத சொல்லுது."

தினம் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிற பெண்கள்: "துட்டு வாங்கனவங்கள கேளுங்க சார், எங்களுக்கு இன்னா தெரியும்?" கை முறிந்தவளின் ஆஸ்பத்திரி செலவு கம்பெனியுடையது. கால் இடறி விழுந்தேன் என்கிறாள். அவளை எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

திங்கள் முதல் வேலைக்கு வர வேண்டாமாம் பிரமிளா.

மே 19, திங்கள்
பிரமிளா பணத்தோடு வந்தாள். "திருப்பிக் குடுத்துடுண்ணே. காசு வாங்காம சொன்னதாவே இருக்கட்டும்." நிருபருக்குப் போன் போட்டேன். "ஆபீஸ்ல கணக்கு எழுதியாச்சு சார், வாங்க முடியாது. சொன்னது நெஜம்தானே, வுடுங்க."

நிஜம்தான். ஆனால் கமிஷன் வாங்கிய தரகன் சரக்கு நல்லது என்றால் நானே இரண்டு தரம் புரட்டிப் பார்ப்பேன். அந்தப் புத்தி அன்றைக்கு எங்கே போயிற்று? லீவில் போகும் ஒரு நாள் சம்பளம், பஸ் செலவு, அதை மட்டும் கேட்டு நிறுத்தியிருக்கணும். மேலே ஏற்றியது நான். அசதி. சாப்பிடவில்லை.

மே 22, வியாழன்
லேசான தூறல். டீக்கடையில் நின்றிருந்தேன். கம்பெனி பஸ் வந்தது. பின்கதவு புதுசு, தாழ்ப்பாள் பளபள. பிரமிளா சாப்பாட்டுப் பையோடு ஸ்டாப்பில் நின்றாள், ஏற்றிக்கொள்வார்கள் என்று. டிரைவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கிப் போயிற்று. கதவு கொஞ்சமும் ஆடவில்லை.