சங்கு கேட்டால் நிறையும் ஊஞ்சல்கள்

வெண்கரை நாடு வளர்க. மதகுகள் தவறாது திறக்க, கழனிகள் தாகமின்றி விளைக. ஆறு காத்த குடியில் பிறந்து, யந்திர மதகுகளால் ஊர்தோறும் நீர் பகிரும் பெரியநாச்சியார் திருமுகம். தென்மலைக் கோட்டத்தை ஆளும் அன்புத் தம்பி வேள்நம்பி காண்க. உமது கோட்டையும் கொற்றமும் மக்களும் நலமே என நம்புகிறோம். இங்கு யாவரும் நலம்; மழையும் போதிய அளவு.

நீர் புதிதாக எழுப்பும் யந்திரக் கூடத்தில் பணியாளர் மகிழ எவற்றைக் கட்டுவது என வினவி, பளிங்குக் குளமும் மயில் தோட்டமும் வரைந்து அனுப்பியிருந்தீர். படம் அழகு. ஆயினும் முதற்கல் வைக்குமுன், நம் அமைச்சர் ஆதிச்சநாதருக்கு நேர்ந்ததைக் கேளும்.

நம் கூடத்தில் ஆடவரும் பெண்டிருமாகத் துளையோலை குத்துகின்றனர். அத்துளைகளைத் தடவிப் பார்த்தே யந்திரம் மதகைத் திறக்கும், மூடும். ஒரு துளை பிசகினாலும் ஓர் ஊர் வயல் மூழ்கும். இத்தகையோர் மனம் குளிரட்டும் என்று ஆதிச்சநாதர் ஊஞ்சல் மண்டபமும் பன்னீர்க் குளியலறையும் யாழ் அரங்கும் அமைத்தார். திங்கள்தோறும் சங்கு முழங்க உள்ளே வருவார். ஊஞ்சல்கள் நிறைந்திருக்கும், அவர் உள்ளமும் கூடவே ஆடும். அடுத்து யானைச் சவாரி அளிக்கவும் எண்ணியிருந்தார்.

அவ்வேளையில், துளையோலையில் நிகரற்ற கயல்நங்கை பணியிலிருந்து விடை வேண்டினாள். நெய்தல் நாட்டார் அழைத்தார்களாம். அவள் போனால் கார்காலத்துக்கு முன் வடமதகின் ஓலைகள் முடியா. ஆதிச்சநாதருக்குச் சோறு இறங்கவில்லை. அந்நாட்டில் ஊஞ்சல் உண்டா, பன்னீர் உண்டா என ஆளனுப்பி விசாரித்தார். ஒன்றுமில்லை என்று மறுமொழி வரவே இன்னும் குழம்பினார்.

நேரில் கேட்கப் புறப்பட்டார். சங்கூதிக்கு அன்று பல்வலி, கன்னம் வீங்கிக் கிடந்தது. ஆகவே ஓசையின்றி நுழைந்தார். ஊஞ்சல்களில் ஒருவருமில்லை. ஒன்றன் சங்கிலியில் கட்டிய தூளியில் ஒரு குழந்தை உறங்கியது. பன்னீர்த் தொட்டியில் மோர்ப்பானைகள் குளிர்ந்துகொண்டிருந்தன.

தூளியருகே ஓலை குத்திக்கொண்டிருந்த கயல்நங்கை பதறி எழுந்தாள். "ஐயா, சங்கு கேக்கலையே. இருங்க, எல்லாரையும் ஊஞ்சலுக்குக் கூப்பிடுறேன்."

"அப்போ இத்தனை நாளும்?"

"நீங்க ஆசையாக் கட்டுனது. அரண்மனை குடுத்ததை வேணாம்னு சொல்ற வழக்கம் நம்ம ஊர்ல ஏதுங்கய்யா? சங்கு கேட்டதும் வேலையப் போட்டுட்டு ஓடிப்போய் உக்காருவோம். சில பேருக்குத் தலை சுத்தும், பாவம்."

அமைச்சர் தூணைப் பிடித்துக்கொண்டார். "நெய்தல் நாட்டுல என்னம்மா தர்றாங்க?"

"சாயங்காலம் வீட்டு வாசல் வரைக்கும் வண்டி. மத்தியானம் சுடுசோறு. பிள்ளைக்குக் காய்ச்சல்னா ஓலைய வீட்டுக்கே கொண்டுபோய்க் குத்தலாம். வேற என்ன, யானையா கேக்கப்போறோம்?"

ஆதிச்சநாதருக்கு இருமல் வந்தது. நெடுநேரம் இருமினார்.

யானை வரவில்லை. வில்வண்டிகள் வந்தன, அடுக்களையில் அடுப்பெரிந்தது, ஓலைகள் வீடு செல்லவும் இசைவு பிறந்தது. கயல்நங்கை தன் விண்ணப்பத்தைத் தானே திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வடமதகு முதல் மழைக்கே ஒழுங்காய்த் திறந்தது. ஊஞ்சல் மண்டபமும் வீணாகவில்லை. இப்போது சங்கிலிக்கொரு தூளி தொங்குகிறது.

ஆகவே தம்பி, நம் ஆணை இது. பளிங்குக் குளத்தை நிறுத்தி, வண்டியும் சோறும் முதலில் ஏற்பாடு செய்க. மயில்கள் உமக்கே வேண்டுமெனில் உமது அரண்மனையில் அகவட்டும். கூடத்துக்குச் செல்லும்போது சங்கூத வேண்டா. இங்கே அச்சங்கு அந்தியில் மட்டும், பணி முடிந்ததென்று ஊதப்படுகிறது.

இன்னும் எழுத நிறைய உண்டு. ஆனால் இதோ சங்கு ஒலிக்கிறது. நாம் சொல்லச் சொல்ல எழுதும் ஓலைநாயகம் எழுத்தாணியை மடக்கக் காத்திருக்கிறார். அவர் வண்டி வாசலில் நிற்கிறது. மதகு முத்திரை இட்டோம். இப்படியே செய்க.