முதல் கூடை

சேசு மரி சூசை துணை

நல்லம்பள்ளி வழி,
16-6-1974

கோலாரில் தங்கம் தோண்டும் அண்ணன் செபாஸ்டினுக்கு, ஊரில் குப்பை தோண்டும் தங்கை ராஜமேரி எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் சுகம். அப்பாவுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. அவருக்கும் சேர்த்து நான் பேசுகிறேன்.

‘ஊர்க்குழியில் எரு இருக்கிறவரைக்கும் ராகிக்குப் பயமில்லை, மேட்டுக்காட்டைக் கொடுத்துவிடாதீங்க’ என்று எழுதியிருந்தாய். நான்தான் படித்துக் காட்டினேன். அப்பா மாடில்லாத கட்டுத்தறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் பதில் என்னுடையது.

குழி இருக்கிறது, எரு இல்லை அண்ணா. நம் தெருச் சாம்பலும் கூளமும் மேலத்தெருச் சாணமும் ஒன்றாய் மக்கும், ஈஸ்டருக்கு மறுநாள் எல்லோரும் பிரித்துக்கொள்வோம். காடே இல்லாத குள்ளம்மாளுக்கும் பங்கு உண்டு, அதைக் கொடுத்து அவள் ராகி வாங்குவாள். அதெல்லாம் போயிற்று. யூரியா வந்தபின் குழியைப் பார்த்து ‘யாரய்யா நீ’ என்கிறார்கள். சாணம் லாரியேறி எங்கோ போகிறது. மற்ற குப்பையெல்லாம் ஓடையில். ஓடைதான் கிணற்றுக்கு ஊறுகிறது என்று அம்மா தெருத்தெருவாகக் கத்தினாளே, கடைசியில் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான்... சரி, விடு. இந்த வருஷம் அந்த யூரியாவும் வரவில்லை. சொசைட்டியில் கேட்டால் கப்பல் வரவில்லை என்கிறார்களாம்.

சாவு விழுந்த வீட்டுக்குத்தான் குழியின் முதல் கூடை என்பது உனக்குத் தெரியும். இந்த வருஷம் அது நமக்கு. ஈஸ்டருக்கு மறுநாள் அப்பா கூடையோடு குழிமேட்டில் போய் நின்றார். வேறு யாரும் வரவில்லை. வெயில் ஏறியபின் நான் போய்த்தான் கூட்டிவந்தேன்.

சும்மா இருக்குமா என் வாய்? ஓடையில் குப்பை கொட்டுகிறவர்கள் பின்னாலேயே ஒரு வெள்ளைச்சேலைக்காரி வீடுவரை வருகிறாள் என்று முனியம்மாள் காதில் மட்டும் போட்டேன். மறுநாள் அது எனக்கே திரும்பி வந்தது, சேலைக்குச் சரிகைக்கரையும் போட்டு. அந்த வாரமே ஓடைப்பக்கம் ஆளில்லை. இனி எல்லோரும் குழிக்குத்தானே வரவேண்டும் என்று துள்ளினேன்.

குழிக்குப் போக ஓடையைத் தாண்ட வேண்டும் என்பதை நான் யோசிக்கவில்லை, அண்ணா.

இப்போது எல்லோரும் கல்லறைத்தோட்டத்துச் சுவருக்கு மேலே வீசுகிறார்கள். சாமியார் மந்திரித்த மண்ணாம், பேய் அண்டாதாம். மேலத்தெருக் காசியம்மாளிடம் போய்ச் சண்டை பிடித்தேன். “உங்க சிலுவையத் தாண்டி எங்க பேயே வராது கண்ணு” என்று பெருமையாகச் சொல்கிறாள். அம்மா அந்தச் சுவரோரம்தானே இருக்கிறாள்.

பேய் என் புளுகுதான் என்று வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தேன். “பேரச் சொல்லாதடி, வந்துரும்” என்று முனியம்மாள் என் வாயைப் பொத்தினாள். இத்தனை வருஷம் என் பொய்யை ஒருவரும் நம்பியதில்லை. நம்பியது இது ஒன்றைத்தான். அதைத் திரும்ப வாங்க வழி தெரியவில்லை.

மேட்டுக்காட்டை விலைக்குக் கேட்கும் வெங்கடாசலம் வரும் வாரம் அதைப் பார்க்க வருகிறார். எருவில்லாமல் விதைத்து என்ன, செபாஸ்டினோடு சுரங்கத்துக்கே போகிறேன் என்கிறார் அப்பா. தங்கவயலில் தங்கம் உங்கள் இருவருக்கு, வயல் இங்கே யாருக்குமில்லை. காட்டுக்காக உன்னைக் கூப்பிடவில்லை. அது போய்விடும்.

ஆடியில் அம்மாவின் வருஷப்பூசை. ஒரு நாளாவது லீவு கேட்டு வா. குப்பை விழுந்தபின் அப்பா இன்னும் கல்லறைத்தோட்டத்துக்குப் போய்ப் பார்க்கவில்லை. கதவு ரிப்பேர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பூமாலை வேண்டாம், ஒரு கூடை கொண்டுவா. பள்ளிக்கூடம் விட்டு தினமும் அள்ளுகிறேன். விடிந்தால் சிலுவையின் கை மட்டும்தான் தெரிகிறது.

மாதா உன்னைச் சுரங்கத்துக்குள்ளேயும் பார்த்துக்கொள்ளட்டும். தனியாக என்னால் அள்ளி முடியவில்லை, அண்ணா.

வாயாடித் தங்கை,
ராஜமேரி