எண்ணெய்த் தலை

வெள்ளிக்கிழமை, ராத்திரி.

தூக்கம் வரவில்லை. என் வாய்தான் காரணம்.

திருப்பதியில் நான் வேலை செய்யும் நகைப் பட்டறையில், சாயங்காலம் எல்லோரும் ஒரு தொட்டித் தண்ணீரில் கைகால் கழுவிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். உடம்பில் ஒட்டிய பொன்தூள் தொட்டியின் அடியில் தங்கிவிடும். இன்றைக்குக் கழுவும்போது, புத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, இருபது வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் ஏழுமலை மாமாவைச் சும்மா சீண்டினேன்.

"இன்னா மாமா, தலையில இவ்ளோ எண்ணெ? பொன்தூளு மொத்தமும் ஒட்டிக்கினு புத்தூருக்குப் போவுதா?"

எல்லோரும் சிரித்தார்கள், மாமாவும்தான். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "ஏழுமலை மாதிரி ஆளு பொன்தூளு, சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்கமாட்டான்" என்று போன வாரம்கூடச் சொன்ன மனிதர், சீயக்காய் எடுத்துவரச் சொல்லி, மாமா தலையை அந்தத் தொட்டியிலேயே அலசவைத்தார்.

ஈரத் தலையோடு நின்ற மாமாவிடம், "வெளாட்டுக்குதான் மாமா சொன்னேன்" என்றேன்.

"எனக்குத் தெரியும்டா. அவருக்குத் தெரியலயே. நாளைக்கு நான் வர்றது டவுட்டுதான்" என்றார். டீக்குக்கூட நிற்காமல் பஸ் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்து தலை வாரினேன். சீப்பில் இரண்டு பொன்துகள் மின்னின. நான் தலைக்கு எண்ணெயே வைப்பதில்லை.

நாளைக்குத் தலை வழிய எண்ணெய் வைத்துக்கொண்டு போய், முதலாளி எதிரிலேயே தொட்டியில் தலையை முக்கப் போகிறேன். அதைப் பார்த்து மாமா சிரிக்க வேண்டும். அதற்கு அவர் வர வேண்டும்.