மேலத்தெருப் பந்தலில் இரண்டு டம்ளர்

நண்பா,

இன்று காலை பேத்தியின் தண்ணீர் பாட்டிலைக் கழுவ எடுத்தேன். மூடியைத் திறந்ததும் எலுமிச்சையும் உப்பும் கலந்த வாடை அடித்தது. அடியில் இனிப்பின் பிசுபிசுப்பு. அவ்வளவுதான், நீ வந்துவிட்டாய். எப்போதும்போலக் கேட்காமல் கொள்ளாமல்.

அவள் அடுத்த மாதம் ஒரு போட்டிக்குப் போகிறாள். கடலில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீச்சல், கரையேறித் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், இறங்கி இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். மூன்றும் ஒரே மூச்சில். சென்னையில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு இது எதற்கு என்று நான் கேட்கவில்லை. எதைச் சாப்பிட்டுப் போகிறாய், எதைக் குடிக்கிறாய் என்றுதான் கேட்டேன்.

"வேர்வைல எவ்வளவு போகுதுன்னு தெரிஞ்சாதான் எவ்வளவு குடிக்கணும்னு தெரியும் தாத்தா. ஓடறதுக்கு முன்னாடி ஒரு எடை, பின்னாடி ஒரு எடை பார்ப்பேன்" என்றாள்.

"நாங்களும் பார்த்திருக்கோம். ரைஸ்மில் தராசுல" என்றேன். அவள் கண்ணை அகல விரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அது தொண்டையிலிருந்து இறங்குவதற்குள் பவுனு அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "அது ஒன் தாத்தா இல்லடி. அந்த அண்ணன். தராசுல ஏறி நின்னது அவருதான்."

ஏறி நின்றது நீதான். ஏற்றி நிறுத்தியது யார் என்று இந்த வீட்டில் இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

என் மனைவி உன்னை அண்ணன் என்றுதான் சொல்வாள். அதனால் என் பொறாமைக்குக் கௌரவமான ஒரு காரணம்கூடக் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து உன் கதையை அவள் வாயால் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், இந்த முறையாவது என் பெயர் அதில் வராதா என்று காத்திருப்பேன். வந்ததில்லை.

அந்தத் தை மாதம் நம் தெருவில் யாரையும் அறுப்புக்குக் கூப்பிடவில்லை. கூலியாக இன்னும் அரைப்படி நெல் கேட்டதற்காக, மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். பொங்கலன்று நம் வீடுகளில் புது நெல் இல்லை. ஊர் மன்றத்து இளைஞர்கள் காணும் பொங்கலுக்குப் பந்தயம் என்று மார்கழி பிறந்ததுமே அறிவித்திருந்தார்கள். வெண்ணாற்றில் அக்கரைக்குப் போய்த் திரும்பும் நீச்சல், ஆற்றங்கரைச் சாலையில் சைக்கிள், கடைசியில் ஊர்களைச் சுற்றி ஓட்டம். பஸ்களை அரசாங்கமே எடுத்து நடத்தத் தொடங்கியிருந்த காலம். முதலில் வருகிறவனுக்குக் கண்டக்டர் வேலை என்று சட்டமன்ற உறுப்பினர் மேடையிலேயே சொல்லிவிட்டார். வயலை நம்பாமல் மாதச் சம்பளம் வாங்கும் ஒரு வேலை. நம் தெருவில் அதுவரை யாருக்கும் வாய்க்காதது.

நீந்தவும் மிதிக்கவும் ஓடவும் உனக்குத் தெரியும். எனக்கு மூன்றும் வராது. கும்பகோணத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். உடம்பிலிருந்து வேர்வையோடு உப்பும் போகிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

மில்காரர் உன்னைத் தராசில் பார்த்துச் சிரித்தது ஞாபகம் இருக்கிறதா? "என்னப்பா, நெல்லு மூட்ட வரலன்னு ஆள் மூட்டய ஏத்துறீங்களா?"

"போட்டுப் பாருங்க மொதலாளி. ஓடிட்டு வந்து மறுபடியும் ஏறுவேன். கொறஞ்சா பதருன்னு கழிச்சுக்கிடுங்க."

வெயிலில் ஒரு சுற்று ஓடிவந்து நீ மறுபடி ஏறியபோது ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. அத்தனையும் தண்ணீர். அதை எப்போது, எவ்வளவு, எதோடு சேர்த்துத் திருப்பிக் கொடுப்பது என்பதே என் வேலையானது. முதல் தடவை வெல்லத்தை அள்ளிப் போட்டுவிட்டேன். சைக்கிளிலிருந்து இறங்கி ஆற்றங்கரையில் வாந்தி எடுத்தாய். "வாத்தியாரே, வயித்துக்குள்ள பாகு காச்சிட்டியேடா!" என்று அந்த நிலையிலும் சிரித்தாய். அன்று மாலையே எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று இருந்தேன். மறுநாள் நீயே சுரைக்குடுக்கையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாய்.

வெல்லத்தைப் பாதியாகக் குறைத்தேன். உப்பும் எலுமிச்சையும் சரிக்கட்டினேன். விடியலில் உப்புப் போட்ட நீராகாரம், அடியில் ஒரு கைப்பிடிச் சோறு. ஆற்றிலிருந்து ஏறியதும் வாய் கொப்பளிப்பதோடு சரி. சைக்கிளில் ஒவ்வொரு மதகிலும் இரண்டு மிடறு. நேர்ச் சாலையில் கால் தளரும்போது அவலும் வெல்லமும் பிடித்த உருண்டையில் ஒரு கடி. ஓடும்போது மட்டும் வயிறு தளும்பக் கூடாது. நாக்கு நனைந்தால் போதும். தாகம் வந்த பிறகு குடிப்பவன் தோற்றவன் என்று உன்னிடம் எத்தனையோ முறை சொன்னேன். "குடிக்கிறதுக்குக்கூடவாடா படிப்பு?" என்பாய். ஆனால் சொன்னபடியே செய்தாய்.

ஓட்டம் மேலத்தெரு வழியாகப் போனது. அங்கே மன்றத்தார் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். அதை மட்டும் என் திட்டத்தில் சேர்க்கவில்லை. மற்றவர்களுக்கு அங்கே டம்ளர். நம் ஆட்களுக்குக் கையில் ஊற்றுவார்கள். தெருவுக்கு முன்னால் உள்ள மதகில் ஒரு மிடறு, தெரு முடிந்ததும் நான் குடுக்கையோடு நின்று ஒரு மிடறு. நடுவில் நிற்கவே தேவையில்லை. அப்படித்தான் பேச்சு.

நீ முதலில் வந்தாய். பந்தலுக்குப் பத்தடி தள்ளித் தெருக்கோடியில் நான் நின்ற இடத்துக்கு உன் மூச்சுகூடக் கேட்டது. சீரான மூச்சு. தோளில் வேர்வை மினுங்கியது. உதடு காயவில்லை. என் கணக்கு ஒரு சொட்டுகூடப் பிசகவில்லை என்று நெஞ்சு விம்மியது. அடுத்த ஆள் வெகு தூரத்தில் வந்துகொண்டிருந்தான். அந்த நேரத்தில் நீ பந்தலுக்குள் திரும்பினாய்.

பந்தலில் இருந்தவன் தோளில் கரைபோட்ட துண்டு. சாதி ஒழியணும் என்று மேடையில் தொண்டை கட்டப் பேசுகிறவன். பழக்கத்தில் செம்பைச் சாய்த்துக்கொண்டு குனிந்தான். நீ கையை நீட்டவில்லை.

"டம்ளர்ல குடுங்க."

"ஓடுப்பா, பின்னால ஆள் வர்றான்ல. கையப் புடி."

"வரட்டுங்க. டம்ளர்ல குடுங்க."

அவன் தெருவைப் பார்த்தான். வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். ஒருவன் உன்னைத் தாண்டி ஓடினான். பிறகு இன்னொருவன். கோடியில் பெண்களோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பவுனு வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது அவளை எனக்குத் தெரியாது. நான் உன் பெயரைச் சொல்லிக் கத்த நினைத்தேன். குடுக்கையைத்தான் தூக்கிக் காட்டினேன். மூன்றாவது ஆளும் போனான். கடைசியில் அவன் டம்ளரை முக்கி எடுத்து நீட்டினான். நீ அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. வாய் வைத்து, நின்று, நிதானமாகக் குடித்தாய். "இன்னொண்ணு" என்றாய். அதையும் குடித்தாய்.

இரண்டு டம்ளர்! அதற்குப் பிறகு எவன் ஓடுவான்? வயிறு தளும்பத் தளும்ப, விலாவைப் பிடித்துக்கொண்டு ஐந்தாவதாக வந்து சேர்ந்தாய். வேலை பக்கத்து ஊர்க்காரனுக்குப் போனது. வருடக்கணக்காக அவன் விசில் ஊத, நீயும் நானும் டிக்கெட் வாங்கினோம். "நம்ம விசிலுடா அது" என்று நீ என் தொடையில் தட்டுவாய். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. கடைசிவரை நீ குத்தகை நிலத்தில் குனிந்து நிமிர்ந்தாய். நான் பள்ளிக்கூட வேலைக்குப் போனேன், வீடு கட்டினேன், ஓய்வு பெற்றேன். ஆனாலும் பொறாமைப்பட்டது நான்தான்.

ஏனென்றால் அடுத்த தையில் அந்தப் பந்தலில் எல்லாருக்கும் டம்ளர். யாரும் கேட்கவில்லை, தானாக அடுக்கியிருந்தது. அதை ஊர் உன் பெயரால்தான் சொன்னது. "பாவம், தாகத்துல தவிச்சுப் போயி நின்னாரு. அதுலயும் மானத்த விடல பாருங்க" என்று பவுனு இன்றும் சொல்கிறாள். தவிக்கவில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். உன் உடம்பில் போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று அளந்தவன் நான். தாகம் இல்லாதவன் எதற்கு நின்றான்? மாதச் சம்பளத்தை எதற்கு உதறினான்? என் திட்டத்தின் மேல் அவ்வளவு அலட்சியமா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே உன்னோடு டீ குடித்தேன், உன் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

பிறகு உன் சிறுநீரகம் கெட்டது. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்றார்கள். பிள்ளைகள் வளைகுடாவில் இருந்தார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் மறுபடியும் நான்தான் தண்ணீர்க் கணக்குக்காரன். மூடியில் ஊற்றி உதட்டை நனைப்பேன்.

"இப்பதான்டா நெசமாவே தாகமா இருக்கு" என்றாய் ஒரு மத்தியானம்.

"அன்னிக்கி இல்லையே. பெறகு ஏன்டா நின்ன?"

இத்தனை வருஷம் அதையா வைத்திருந்தாய் என்பதுபோல் என்னைப் பார்த்தாய். "பந்தயத்தன்னிக்கிக் காலையில வாடக சைக்கிள எடுத்துக்கிட்டு அந்தத் தெரு வழியா வந்தேன். பந்தல்ல நீ குனிஞ்சு கையில வாங்கிக் குடிச்சுக்கிட்டிருந்த. காலேஜ் படிக்கிற பய. எனக்கு என்னமோ போலாயிருச்சு. மொத டம்ளர் எனக்கு. ரெண்டாவது ஒனக்குடா, வாத்தியாரே."

உண்மைதான். உனக்குத் தண்ணீர் கொடுக்க மதகுதோறும் ஆட்களை நிறுத்திவிட்டு வரும்போது எனக்குத் தாகம் எடுத்தது. உனக்காக அத்தனை கணக்குப் போட்டவன் எனக்கென்று எதுவும் எடுத்துப் போகவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

நீ போய் மூன்று வருடமாகிறது. உன் சாவுக்கு வந்த கூட்டத்தை நான் வேண்டுமென்றே எண்ணவில்லை. பவுனுவிடம் இதைச் சொல்லவும் இல்லை. சொன்னால் அவள் கண்ணில் நீ இன்னும் ஒரு சாண் உயர்ந்துவிடுவாய். இந்த வயதிலும் அதைப் பொறுக்க எனக்கு மனம் வரவில்லை. எனக்கென்று ஓடிய ஓட்டத்தில் இன்னொருவனுக்காக நிற்க நான் ஒருநாளும் துணிந்ததில்லை. உன்னால் முடிந்தது. அதுவும் எனக்காக முடிந்தது. இதற்கு மேல் ஒருவன்மேல் பொறாமைப்பட என்ன இருக்கிறது?

அந்த மத்தியானத்திலிருந்து யார் தண்ணீர் கொடுத்தாலும் வாய் வைத்துத்தான் குடிக்கிறேன். "ஏங்க, அண்ணாந்து குடிக்கத் தெரியாதா? எச்சி பண்றீங்களே" என்று பவுனு திட்டுகிறாள். நின்றுகொண்டு, நிதானமாக, இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். முடியவில்லையடா. தாகம் தீர்ந்த பிறகு எனக்கு ஒரு மிடறுகூட இறங்க மாட்டேன் என்கிறது.